50 நிமிடம், 1,200 ரூபாய்

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு, கடைசியில் எண்டோஸ்கோபி. நெஞ்சு படபடப்புக்காக நான் எடுத்துக்கொண்ட டெஸ்ட்டுகள் இவை. எல்லா ரிப்போர்ட்டிலும் நார்மல். ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் எந்த பில்லையும் தூக்கிப்போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. கூட்டிப் பார்த்தபோது 20,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. இந்தப் பணத்துக்கு வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எக்கோவுக்கு மாமியாரே தன் கைக்காசைக் கொடுத்தார்.

"இதயத்தில் ஒன்றுமில்லைம்மா, இது பதற்ற நோய் மாதிரி தெரியுது, மனநல டாக்டரைப் பாருங்க" என்று இதய டாக்டர் சொன்ன பிறகு நான் நாலு இடத்தில் விசாரித்தேன். கவுன்சலிங்குக்கு ஒரு தடவைக்கு 1,200 ரூபாய் ஆகும் என்று வந்து சொன்னதும் வீடு அமைதியாகிவிட்டது. "பேசுறதுக்கா 1,200?" என்றார் என் கணவர். கோபத்தில் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

எனக்கும் அப்போது பதில் தெரியாது. இன்று யாராவது என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: ஒரு தடவைக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மூன்று நாலு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். பேசுகிற சிகிச்சை ஒரே நாளில் பலன் தருகிற சமாசாரம் இல்லை. பெரிய பெயருள்ளவரிடம் இரண்டு தடவை போய்ப் பணம் தீர்ந்து நிற்பதைவிட, கட்டுப்படியாகிறவரிடம் விடாமல் போவதே நல்லது. பாதியில் நிற்கிறவர்களில் பலர் குணமாகி நிற்பதில்லை, காசில்லாமல்தான் நிற்கிறார்கள். அதை ஆலோசகரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, "கொஞ்சம் பிஸி மேடம்" என்று மெசேஜ் போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள்.

என் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் நெரிசலில் வண்டி நின்றால் போதும். நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும், விரல் நுனி மரத்துப்போகும், மூச்சு பாதியில் நிற்கிற மாதிரி இருக்கும், இதோ சாகப் போகிறேன் என்று தோன்றும். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பேனிக் அட்டாக் என்பார்கள். நம்மூரில் இதற்கு முதலில் கிடைக்கிற பெயர் கேஸ் ட்ரபிள்.

மாமியார், "குணசீலத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடும்மா" என்றார். திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மனநிலை சரியில்லாதவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம் தங்கவைத்துப் பெருமாளைச் சேவிக்கிற வழக்கம் உள்ள கோயில் அது. நான் தங்கவில்லை, போய்ச் சேவித்துவிட்டு வந்தேன், மனசுக்கு இதமாகவே இருந்தது. அடுத்த வாரம் டாக்டரிடம் போனேன். "பெருமாள்தான் நல்ல டாக்டரைக் காட்டியிருக்கார்" என்று அத்தையே பிறகு சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டில் இதற்காக ஒரு சண்டை போட்டு ஜெயித்து, அப்புறம் சிகிச்சைக்குப் போகிற தெம்பு என்னிடம் இருந்திருக்காது.

யாரிடம் போவது என்பதில்தான் பலர் குழம்பிப் போகிறார்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்தவர், மாத்திரை எழுதுகிறவர் இவர்தான். மருத்துவ உளவியலாளர் மாத்திரை தர மாட்டார். உளவியல் பரிசோதனைகள், பேச்சு வழிச் சிகிச்சை எல்லாம் செய்வார். வழக்கமாக இரண்டு வருட எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். 1992-ஆம் வருடச் சட்டப்படி நடக்கிற கவுன்சில் அது. பெயரைப் போட்டு அதன் இணையதளத்தில் தேடலாம், பதிவு எண் கேட்டால் நல்லவர்கள் தயங்காமல் கொடுப்பார்கள். இவர்கள் தவிர உளவியலில் எம்.எஸ்சி. படித்த ஆலோசகர்கள், மனநலப் பிரிவில் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர்கள் இருக்கிறார்கள். இவர்களிலும் அருமையானவர்கள் உண்டு. ஆனால் கவுன்சலர் என்று போர்டு மாட்ட நீ என்ன படித்தாய் என்று நடைமுறையில் யாரும் வந்து கேட்பதில்லை. ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஓர் இடத்தில் கேட்டேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்தது, உள்ளே ஏசி, சுவரில் வரிசையாகச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். ஆழ்மன சிகிச்சை, 10 சிட்டிங், மொத்தம் 18,000, இன்றைக்கே கட்டினால் 15,000. "எங்கே படிச்சீங்க சார்?" என்றதற்கு சுவரைக் காட்டினார். எழுந்து கிட்டப்போய்ப் பார்த்தேன். எல்லாம் வார இறுதி வகுப்புகளில் கொடுக்கிற சான்றிதழ். "வீட்ல கேட்டுட்டு வர்றேன் சார்" என்று துணிக்கடையில் சொல்கிற அதே வசனத்தைச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவர், இத்தனை தடவையில் குணம் என்று உத்தரவாதம் தருபவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், போன வாரம் வந்த இன்னொருவர் கதையை உங்களிடம் சொல்பவர், எல்லாவற்றுக்கும் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்பவர்: இவர்களில் யாரைப் பார்த்தாலும் அதே வசனம் உதவும்.

அப்புறம் அரசு மருத்துவமனை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தை 1996-இல் நாட்டிலேயே முதன்முதலாக நாலு மாவட்டங்களில் ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று எங்கள் திருச்சி. இன்று தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. நான் பார்த்த பெண் மருத்துவர் என் ரிப்போர்ட் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினார். தைராய்டு ரிப்போர்ட்டை மட்டும் தனியே எடுத்து இரண்டு தடவை பார்த்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரிப் படபடப்பு வருமாம். "இந்த டெஸ்ட் மட்டும் தேவையானதுதான்" என்று சிரித்தார். அந்த எண்டோஸ்கோபியை நினைத்து எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாத்திரை எழுதும்போதே சொல்லிவிட்டார்: இது தூக்க மாத்திரை இல்லை, வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், முதல் சில நாள் படபடப்பு கொஞ்சம் கூடலாம், வயிற்றைப் புரட்டலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள், பிறகு நிறுத்துவதானாலும் என்னைக் கேட்டுப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் ஓ.பி. கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னார். கூடவே கவுன்சலிங்கும் அவசியம் என்று எழுதிக் கொடுத்தார்.

கவுன்சலிங் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். எனக்கு இடித்தது நேரம். ஓ.பி. காலையில்தான். எங்கள் ஆபீஸில் அரை நாள் லீவு என்று ஒன்று கிடையாது, ஒரு நாள் போட்டால் சம்பளத்தில் 800 ரூபாய் பிடிப்பார்கள். வாரா வாரம் போனால் மாதம் 3,200 போய்விடும். இலவசத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அது அவரவர் வேலையைப் பொறுத்தது. வீட்டிலிருப்பவர், ஷிஃப்டில் வேலை பார்ப்பவர், லீவு கிடைக்கிறவர் என்றால் தனியாரிடம் போக வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் சொல்வேன். நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: டாக்டரும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில், மாதம் ஒரு நாள் லீவு. பேசுவதற்கு மாலையில் தனியார் ஆலோசகர்.

தனியாரில் முதலில் பார்த்தவர் நன்றாகப் படித்தவர், பதிவு எண் எல்லாம் சரி. ஆனால் நான் தமிழில் அழ, அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். புரியாமல் இல்லை, ஒட்டவில்லை. ஆலோசகரை மாற்றினால் அவர் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். நான் சொன்னதும் அவரே இன்னொருவர் பெயரைக் கொடுத்தார்.

அடுத்தவரிடம் போவதற்கு முன்னால் போனில் பேசினேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன், இல்லாவிட்டால் பாதியில் குரல் உடைந்துவிடும். என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் இருக்கிறதா, பதற்ற நோய்க்குப் பார்ப்பீர்களா, ஒரு தடவை எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், முதல் தடவைக்குக் கூடுதலா, வீடியோவில் பேசினால் குறையுமா, வர முடியாவிட்டால் எத்தனை மணிக்கு முன்னால் சொல்ல வேண்டும், ரசீது தருவீர்களா. ஐந்து நிமிடம்தான். அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். 50 நிமிடம், 1,200 ரூபாய், ஒரு நாள் முன்னால் சொல்லாமல் ரத்து செய்தால் பாதிக் கட்டணம். இந்த மாதிரிப் பிரச்சினைக்குப் பொதுவாக எத்தனை தடவை ஆகும் என்று கேட்டதற்கு, "ஆளைப் பொறுத்தது, ஒரு பன்னிரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு தடவை முடிந்ததும் பலன் இருக்கிறதா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்" என்றார். நாலாவதில் நிறுத்திப் பார்ப்போம் என்று அவரே சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

சரி, கணக்கு. என் சம்பளம் 24,000. வாரம் ஒரு தடவை என்றால் மாதம் 4,800, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முடியாது. முதல் நாள் பேசி முடித்ததும் நேராகவே சொன்னேன்: "மேடம், வாரம் 1,200 எனக்குக் கட்டாது. முதல் மாதம் 3,600 வரை புரட்டலாம், அப்புறம் மாதம் 2,000-க்கு மேல முடியாது. இதுக்குள்ள எப்படிப் பண்ணலாம்?" குறைத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகக் கேட்டிருந்தால் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். தொகையைச் சொன்னதும் பேச்சு எளிதாகிவிட்டது. மேடம் டைரியைப் புரட்டிவிட்டு, இரவு எட்டு மணி வீடியோ அழைப்புக்கு 900 வாங்கிக்கொள்கிறேன், முதல் மாதம் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, நடுவில் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்தால் போதும் என்றார். தேவைப்பட்டால் நேரில் வரலாம், அதற்கும் அதே 900. பல ஆலோசகர்கள் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்களாம், யாரும் கேட்பதில்லை என்றார். கேளுங்கள். மறுத்தால் அடுத்தவரைப் பார்க்கலாம், அவ்வளவுதானே.

அந்தப் பணத்துக்கு வழி, நகைச்சீட்டு. பழைய சீட்டு முடிந்திருந்தது, அடுத்ததில் சேரவில்லை. நாலு மாதத்துக்குக் கூட்டினால் 9,000 சொச்சம். நார்மல் என்று சொல்வதற்காகக் கொடுத்த பணத்தில் பாதிகூட இல்லை.

பேசுவதற்கு ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். நானும் சும்மா மனசு விட்டுப் பேசுவது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு என் அக்கா போதும். நேரில் போன ஒரு நாள் மேடம் என்னை எழுப்பி, கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கி மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறி வரச் சொன்னார். அவரும் கூடவே ஏறினார். மேலே வந்ததும் என் நெஞ்சு அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, பஸ்ஸில் வருகிற அதே படபடப்பு. "இப்ப என்ன தோணுது, எழுதுங்க" என்று தாளை நீட்டினார். செத்துப்போவேன் என்று தோன்றவில்லை, மாடி ஏறியதால் வாங்குகிறது என்றுதான் தோன்றியது. அதையே எழுதினேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை, தாளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். உடம்பு ஒன்றுதான், அதற்கு நான் கொடுக்கிற அர்த்தம்தான் வேறு என்று எனக்கே உறைத்தது.

வீட்டு வேலை ஒரு அட்டவணை: எங்கே வந்தது, என்ன நினைத்தேன், உடம்பில் என்ன, கடைசியில் என்ன ஆனது. தினமும் நிரப்ப வேண்டும். பற்று வரவு எழுதிப் பழகிய கைக்கு இது சுலபம். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்ற பதிவே கீழே கீழே வந்துகொண்டிருந்தது. பிறகு, பாலத்தின் ஒரு முனையில் பஸ்ஸை விட்டு இறங்காமல் மறுமுனை வரை உட்கார்ந்திருப்பது, ஜன்னலோர சீட் இல்லாமல் போவது என்று படிப்படியாக ஏற்றினார். இதற்குப் பெயர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சிபிடி என்பார்கள். பதற்ற நோய்க்கு நன்றாகப் பலன் தெரிந்த முறை.

கணவரையும் ஒரு நாள் கால் மணி நேரம் வரச் சொன்னார். எனக்கு வரும்போது அவர் பதறிப்போய் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என் பயத்தை உறுதிப்படுத்துகிறது என்று விளக்கினார். அன்றிலிருந்து அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. "ஷீட் எழுதிட்டியா?" என்று கேட்பதோடு சரி.

யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலோசகரைப் பார்க்கப் போகிற தில்லை நகரில் ஒரு வசதி, கட்டடத்துக்குக் கட்டடம் டாக்டர்கள். நாத்தனார் வீட்டுப் பக்கத்துக்காரரைப் படியில் பார்த்தபோது "பல்லு வலிங்க" என்றேன். முதல் மாடியில் பல் டாக்டர் இருந்தார். ஆனால் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது நமக்குச் சட்டம் கொடுத்த உரிமை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நீங்களாகச் சொன்னால் ஒழிய உங்கள் ஆபீஸுக்கோ சொந்தக்காரருக்கோ ஆலோசகர் வாய் திறக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரியான சில சூழல்கள்தான் விதிவிலக்கு, அதையும் நல்லவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

அதே சட்டம்தான் மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நானும் ஆசையாக பாலிசியை எடுத்துப் படித்தேன். எங்கள் குடும்ப பாலிசி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும்; கவுன்சலிங் ஓ.பி. கணக்கில் வருவதால் ஒன்றும் கிடைக்காது. பெரும்பாலான பாலிசிகள் இப்படித்தான். ஓ.பி. செலவுக்கு என்று தனியாகச் சேர்த்து வாங்கியிருந்தால் கேட்டுப் பார்க்கலாம். புதிதாக பாலிசி எடுக்கும்போது சாப்பிடுகிற மாத்திரையை மறைக்காதீர்கள், பிறகு வேறு நோய்க்கு க்ளெய்ம் போடும்போதுகூட அதைக் காட்டி மறுக்கலாம். பெரிய கம்பெனியில் வேலை என்றால் எச்.ஆர். மெயில்களைத் தேடுங்கள். ஊழியர் உதவித் திட்டம் என்று சில தடவை இலவச கவுன்சலிங் இருக்கும், வெளி நிறுவனம் நடத்துவது. என் சித்தப்பா மகன் சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறான், வருடக்கணக்கில் இருந்த வசதி அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

கையில் பைசா இல்லாத நேரத்துக்கும் நடுராத்திரிக்கும் 14416. டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஓர் இரவு கணவர் வெளியூரில் இருந்தபோது கூப்பிட்டேன். எடுத்த பெண் பெயரை வற்புறுத்திக் கேட்கவில்லை. இப்போது தனியாக இருக்கிறீர்களா, உங்களுக்கு ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, படபடப்பு இறங்கும் வரை லைனிலேயே இருந்தார். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவர்கள் ஆலோசகர் தேடிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூப்பிட வேண்டிய எண் இது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவும் இருக்கிறது, 044-24640050.

மாத்திரையை டாக்டர் மெதுவாகக் குறைத்து நிறுத்திவிட்டார். மேடத்திடம் இப்போது வழக்கமாகப் போவதில்லை. ஆடிட் சீசனில் மட்டும், தூக்கம் கெட ஆரம்பித்தால் ஒரு தடவை பேசிவிடுகிறேன். கட்டணத்தை இந்த வருடம் 1,000 ஆக்கியிருக்கிறார். இரண்டு மாதம் முன்னாலேயே மெசேஜ் போட்டுச் சொல்லிவிட்டார்.